வானலை யாருக்குச் சொந்தம்?

(இளைஞர்களும் வணிகப் பெருமக்களும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



உங்கள் கடையில் ஒரு டி.வி. ஓடிக் கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டில் இன்னொன்று. உங்கள் பிள்ளையின் கையிலிருக்கும் செல்போனில் மூன்றாவது. காலை முதல் இரவு வரை இவற்றில் யாரோ பேசிக் கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் யார்? அவர்களுக்குப் பேச அனுமதி கொடுத்தது யார்? அவர்கள் பொய் சொன்னால் தட்டிக் கேட்பது யார்? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாமல், "மீடியாக்கள் நமக்கு எதிரி" என்று மேடைதோறும் முழங்குவதால் என்ன பயன்? ஆத்திரப்படுவதற்கு முன் விஷயத்தைத் தெரிந்து கொள்வோம்.

நம் நாட்டில் ஒலிபரப்பும் ஒளிபரப்பும் அரசின் தனியுடைமையாக இருந்தன. பிறகு தனியாருக்குத் திறந்து விடப்பட்டன. அதனால் நாம் பெற்றது என்ன, இழந்தது என்ன, இனிக் கேட்க வேண்டியது என்ன என்பதுதான் இன்றைய பேச்சு.

அரசு மட்டுமே பேசிய காலம்

1885-ஆம் ஆண்டு ஆங்கிலேயர்கள் ஒரு தந்திச் சட்டம் கொண்டு வந்தார்கள். தந்தி நடத்தும் உரிமை அரசுக்கு மட்டுமே உண்டு என்றது அந்தச் சட்டம். வானொலி பிறப்பதற்கு முன்பே பிறந்த அந்தச் சட்டத்துக்குள்தான் பின்னாளில் வானொலியையும் தொலைக்காட்சியையும் அடைத்தார்கள். 1927-இல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஒரு தனியார் கம்பெனி வானொலி நிலையம் தொடங்கியது. மூன்றே ஆண்டுகளில் நொடித்துப் போனது. 1930-இல் அரசு அதை எடுத்துக் கொண்டது. 1936-இல் அகில இந்திய வானொலி என்று பெயர் சூட்டியது. 1959-இல் டெல்லியில் தொடங்கிய தொலைக்காட்சி 1975-இல்தான் சென்னைக்கு வந்து சேர்ந்தது.

ஒரே கடை மட்டும் இருக்கும் ஊரில் வாடிக்கையாளரின் கதி என்னவென்று வியாபாரிகளாகிய உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1952-இல் செய்தி ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று அதற்கு வானொலியில் இடத்தைச் சுருக்கினார். மக்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள்! நம் தமிழ்நாட்டு வீடுகளில் கொழும்பு நிலையத்தின் குரல் கேட்டது. பி.எச்.அப்துல் ஹமீது அவர்களின் குரல் நம் வீட்டுப் பிள்ளையின் குரல் போல் நமக்குப் பழகியது அப்படித்தான். 1957-இல் விவித் பாரதியைத் தொடங்கி அரசு இறங்கி வந்தது.

பாட்டுப் போனால் போகட்டும். செய்தி? 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலைக் காலத்தில் வானொலி ஆளுங்கட்சியின் ஒலிபெருக்கியாக இருந்தது. 1984 அக்டோபர் 31 காலையில் பிரதமர் இந்திரா காந்தி சுடப்பட்டார். பி.பி.சி. அவர் மரணத்தைச் சொல்லிப் பல மணி நேரம் கழிந்து மாலையில்தான் நம் வானொலி வாய் திறந்தது. 1992 டிசம்பர் 6-இல் பாபரி மஸ்ஜித் இடிக்கப்பட்ட காட்சிகளைத் தூர்தர்ஷன் காட்டவில்லை. பி.பி.சி.தான் உலகுக்குக் காட்டியது. நம் நாட்டில் நடந்ததை லண்டன்காரன் சொல்லித்தான் நாம் தெரிந்து கொண்டோம்.

தனியாருக்குத் திறந்து விட்டதே தவறு, பழைய தூர்தர்ஷன் காலமே பொற்காலம் என்று நம்மில் சிலர் பெருமூச்சு விடுகிறார்கள். அவர்கள் இந்த வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும்.

பூட்டு எப்படித் திறந்தது?

பாராளுமன்றம் உட்கார்ந்து யோசித்துச் சட்டம் இயற்றித் திறந்ததல்ல இந்தப் பூட்டு. வானத்திலிருந்து திறந்தது. 1991 வளைகுடா யுத்தத்தை சி.என்.என். நேரடியாகக் காட்டியது. பெரிய ஓட்டல்களில் டிஷ் ஆண்டெனா முளைத்தது. பிறகு தெருத்தெருவாகக் கேபிள் வந்தது. அதே ஆண்டு ஸ்டார் டி.வி., 1992 அக்டோபரில் ஜீ டி.வி., 1993 ஏப்ரல் 14-இல் சன் டி.வி. என்று வரிசையாக வந்தன. செயற்கைக்கோளுக்கு அலையை வெளிநாட்டிலிருந்து அனுப்பினார்கள். இங்கே கேபிள்காரர் அதைப் பிடித்து வீடுகளுக்குக் கொடுத்தார். 1885-ஆம் ஆண்டுச் சட்டம் கையைப் பிசைந்து கொண்டு நின்றது.

இந்த நிலையில்தான் ஒரு கிரிக்கெட் வழக்கு வந்தது. 1993-இல் நடந்த ஹீரோ கோப்பைப் போட்டிகளை ஒளிபரப்பும் உரிமையை வங்காளக் கிரிக்கெட் சங்கம் ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தது. அரசு தடுத்தது. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 1995 பிப்ரவரி 9-இல் நீதிபதிகள் சாவந்த், மோகன், ஜீவன் ரெட்டி ஆகியோர் தீர்ப்பு வழங்கினார்கள். நம் இளைஞர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய தீர்ப்பு அது! வானலைகள் பொதுமக்களின் சொத்து. அவை அரசாங்கத்தின் ஏகபோகமும் அல்ல, பணம் படைத்தவனின் ஏகபோகமும் அல்ல. இரண்டு தரப்பையும் சாராத சுதந்திரமான பொது அமைப்பு ஒன்று அவற்றை நிர்வகிக்க வேண்டும். இதுவே தீர்ப்பின் சாரம்.

இதில் இரண்டு பாதி உண்டு, கவனியுங்கள். அரசின் ஏகபோகம் கூடாது என்பது முதல் பாதி. சுதந்திரமான அமைப்பு வேண்டும் என்பது இரண்டாம் பாதி. முதல் பாதி நடந்தது. இரண்டாம் பாதி இன்று வரை நடக்கவில்லை! 1997-இல் ஒரு ஒளிபரப்பு மசோதா வந்தது, காலாவதியானது. தூர்தர்ஷனையும் வானொலியையும் தன்னாட்சி பெறச் செய்யும் பிரசார் பாரதி சட்டம் 1990-இல் நிறைவேறியும் 1997-இல்தான் அமலுக்கு வந்தது. அந்தத் தன்னாட்சியும் நிதிக்கு அரசின் கையை எதிர்பார்க்கும் தன்னாட்சி. 2023 நவம்பரில் இன்னொரு வரைவு மசோதா வந்தது. அதன் திருத்திய வடிவம் இணையத்தில் பேசும் தனிநபர்களையும் கட்டிப் போடும் என்று எதிர்ப்புக் கிளம்பியதும் 2024 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது.

கிடைத்த நன்மைகள்

நன்மையை மறைப்பது நியாயமல்ல. இன்று ஏறத்தாழ 900 தனியார் சேனல்களுக்கு அனுமதி இருக்கிறது. ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு வேலை கிடைத்தது. மாநில மொழிகள் தலை நிமிர்ந்தன. தூர்தர்ஷனில் இந்தி நிகழ்ச்சி முடியட்டும் என்று காத்துக் கிடந்த தமிழன் இருபத்து நான்கு மணி நேரமும் தமிழ் கேட்கிறான். ஊர்க் கேபிளில் சில நூறு ரூபாய்க்கு விளம்பரம் கொடுத்துச் சிறு ஜவுளிக் கடைக்காரரும் தன் பெயரை ஊரறியச் செய்ய முடிந்தது.

நம் சமுதாயத்துக்குக் கிடைத்த நன்மையும் உண்டு. 1983-இல் அஸ்ஸாமின் நெல்லியில் ஒரே நாளில் 1,800 பேருக்கு மேல் கொல்லப்பட்டதாக அரசுக் கணக்கே சொல்லியது. அன்று காட்டக் கூடிய தொலைக்காட்சி ஒன்றே ஒன்று. அதுவும் அரசினுடையது. 2002-இல் குஜராத் எரிந்தபோது தனியார் சேனல்களின் நிருபர்கள் காமிராவோடு தெருவில் நின்றார்கள். நடந்ததை நாடு பார்த்தது. அந்தக் காட்சிகள் இல்லாதிருந்தால், "பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்லி முடித்திருப்பார்கள். அந்த நிருபர்களில் பெரும்பாலோர் நம் சமுதாயத்தவர் அல்லர் என்பதையும் நன்றியோடு நினைவில் வையுங்கள்.

வந்து சேர்ந்த கேடுகள்

அப்படியானால் சிக்கல் எங்கே? சேனலின் வருமானம் விளம்பரம். விளம்பரத்தைத் தீர்மானிப்பது டி.ஆர்.பி. என்ற பார்வையாளர் கணக்கு. கோடிக்கணக்கான வீடுகள் பார்ப்பதைச் சில பத்தாயிரம் வீடுகளில் வைத்த மீட்டர்களைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். 2020 அக்டோபரில் அந்த மீட்டர் வீடுகளுக்கே பணம் கொடுத்துக் கணக்கை ஏற்றினார்கள் என்று மும்பை போலீஸ் குற்றம் சாட்டியது. செய்திச் சேனல்களின் வாராந்திரக் கணக்கு வெளியீடு நிறுத்தப்பட்டு 2022 மார்ச்சில்தான் மீண்டும் தொடங்கியது. இந்தப் போட்டியில் மிகக் குறைந்த செலவில் மிக அதிகச் சூட்டைக் கிளப்பும் சரக்கு எது? வெறுப்பு! ஊருக்கு நிருபரை அனுப்பத் தேவையில்லை. நான்கு பேரை உட்கார வைத்துக் கத்த விட்டால் போதும்.

2020 மார்ச் மாத இறுதியில் டெல்லி நிஜாமுத்தீனில் கூடிய தப்லீக் ஜமாஅத்தினரை வைத்து நோயையே ஒரு மதத்தின் சதியாகச் சித்திரித்தார்கள். விளைவு ஸ்டூடியோவில் விழவில்லை. தள்ளுவண்டியில் காய்கறி விற்ற ஏழை முஸ்லிமின் தலையில் விழுந்தது. அவனிடம் பொருள் வாங்காதே என்று தெருக்களில் விரட்டினார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 21-இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்றும் பத்திரிகைகளும் டி.வி.க்களும் பெரும் பிரச்சாரம் செய்தன என்றும் கூறியது. தீர்ப்பு வந்தது. விரட்டப்பட்டவனின் வியாபாரம் திரும்பி வந்ததா?

அடுத்த சில வாரங்களிலேயே, ஐ.ஏ.எஸ். பணிகளில் முஸ்லிம்கள் சதி செய்து நுழைகிறார்கள் என்று ஒரு சேனல் தொடர் நிகழ்ச்சி நடத்தியது. தேர்வாகிறவர்களில் நம்மவர் ஐந்து சதவீத அளவில் இருக்கும் நாட்டில் இப்படி ஒரு கதை! 2020 செப்டம்பர் 15-இல் உச்சநீதிமன்றம் மீதிப் பகுதிகளுக்குத் தடை விதித்தது. அதற்குள் நான்கு பகுதிகள் ஒளிபரப்பாகி விட்டன.

இது எங்கே போய் முடியும் என்பதற்கு ருவாண்டா ஒரு பாடம். அங்கும் அரசு வானொலியின் தனியாட்சி நீங்கி, 1993 ஜூலையில் ஆர்.டி.எல்.எம். என்ற தனியார் வானொலி வந்தது. நல்ல பாட்டு, வேடிக்கைப் பேச்சு. இளைஞர்கள் காதைக் கொடுத்தார்கள். அந்தப் பேச்சில் துட்சி இனத்தவரைக் கரப்பான் பூச்சி என்றார்கள். 1994 ஏப்ரலில் கொலை தொடங்கியபோது ஆட்களின் பெயரைச் சொல்லிக் காட்டிக் கொடுத்தார்கள். நூறு நாட்களில் சுமார் 8 லட்சம் உயிர்கள் போயின. வானொலியை நடத்தியவர்களைச் சர்வதேச நீதிமன்றம் 2003-இல் தண்டித்தது. தனியார் நிலையம்தான் அது. ஆனால் ஆட்சியாளர்களின் கூட்டாளிகள் நடத்திய நிலையம். தனியாரிடம் இருந்தாலே சுதந்திரம் என்று எண்ணுபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அரசின் பிடி விட்டதா?

"திறந்து விட்டார்கள், திறந்து விட்டார்கள்" என்கிறோமே, உண்மையில் பிடி விட்டதா? தனியார் எஃப்.எம். நிலையங்கள் 2001 முதல் நடக்கின்றன. அவை சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது. ஆகாசவாணியின் செய்தியை மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். ஆபாசப் பேச்சுக்கு வழி உண்டு, ஊர்ச் செய்திக்கு வழியில்லை!

டி.வி.யில் லைசென்ஸ் என்ற கயிறு அமைச்சகத்தின் கையில்தான் இருக்கிறது. கேரளத்தில் 2013-இல் தொடங்கிய மீடியா ஒன் சேனலை எடுத்துக் கொள்ளுங்கள். டெல்லிக் கலவரச் செய்திகளுக்காக 2020 மார்ச் 6-இல் அதற்கும் ஏஷியாநெட் நியூஸுக்கும் 48 மணி நேரத் தடை போட்டார்கள். மறுநாளே நீக்கினார்கள். 2022 ஜனவரி 31-இல் பாதுகாப்பு ஒப்புதல் இல்லை என்று சொல்லி மீடியா ஒன்னை முழுமையாக நிறுத்தினார்கள். காரணம் என்ன? மூடிய உறையில் வைத்து நீதிபதியிடம் கொடுப்போம், உனக்குச் சொல்ல மாட்டோம் என்றார்கள். கேரள உயர்நீதிமன்றம் தடையை ஏற்றது. அவர்கள் சோர்ந்து விடவில்லை. உச்சநீதிமன்றம் சென்றார்கள். 2023 ஏப்ரல் 5-இல் தடை ரத்தானது. அரசை விமர்சிப்பது தேச விரோதம் ஆகாது, தேசப் பாதுகாப்பு என்ற சொல்லைச் சொல்லியே குடிமகனின் உரிமையைப் பறிக்க முடியாது என்று நீதிமன்றம் கண்டித்தது.

வெறுப்பைக் கக்கிய சேனலுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். கலவரத்தைக் காட்டிய சேனலுக்குப் பூட்டு. நடுவில் நிற்க வேண்டிய சுதந்திரமான அமைப்பு இல்லாததன் விளைவு இதுதான். கேபிள் சட்டத்தின் நிகழ்ச்சி விதிகளில், மதங்களையும் சமூகங்களையும் இழிவுபடுத்தும் நிகழ்ச்சி கூடாது என்று 1994 முதலே எழுதித்தான் இருக்கிறது. விதி இருக்கிறது. அதை ஒரே அளவில் அமல்படுத்தும் கை இல்லை.

நாம் கேட்க வேண்டியது

இங்கே ஒரு கேள்வி எழும். "கட்டுப்பாடு வேண்டும் என்று நாமே கேட்டால், அந்தக் கட்டுப்பாடு முதலில் நம் கழுத்தில்தானே விழும்?" நியாயமான அச்சம். அதனால்தான் நாம் அமைச்சகத்துக்கு இன்னும் அதிக அதிகாரம் கொடு என்று கேட்கவில்லை. அமைச்சகத்திடமிருந்து அதிகாரத்தை எடுத்து, 1995 தீர்ப்பு சொன்ன சுதந்திரமான அமைப்பிடம் கொடு என்கிறோம். எந்த ஆணைக்கும் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு மேல்முறையீடு வேண்டும். பத்திரிகையும் சேனலும் கேபிளும் ஒரே முதலாளியின் கையில் குவிவதற்கு வரம்பு வேண்டும்.

அப்படி ஒரு தராசு வந்தால் அது நம்மையும் நிறுக்கும் என்பதை மறந்து விடாதீர்கள். பிரிட்டனில் ஆஃப்காம் என்ற அமைப்பு இருக்கிறது. அது 2020-இல் பீஸ் டி.வி., பீஸ் டி.வி. உருது ஆகியவற்றின் உரிமம் பெற்றிருந்த நிறுவனங்களுக்கு, வெறுப்புப் பேச்சு ஒளிபரப்பானதாகக் கூறி மொத்தம் 3 லட்சம் பவுன் அபராதம் விதித்தது. பிறர் நம்மைத் திட்டினால் வெறுப்பு, நாம் பிறரைத் திட்டினால் பிரச்சாரம் என்று வாதிட்டால் நம் கோரிக்கைக்கு எவரும் மதிப்புத் தர மாட்டார். நிறுவைக் கல்லில் மோசடி கூடாது என்பதை வியாபாரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நீங்கள் செய்யக் கூடியது

வணிகப் பெருமக்களே! விளம்பரப் பணம் உங்கள் கையில் இருக்கிறது. 2020 அக்டோபரில் பஜாஜ் ஆட்டோவின் ராஜீவ் பஜாஜ், வெறுப்பைப் பரப்பும் மூன்று சேனல்களுக்கு விளம்பரம் தருவதில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார். பார்லே பிஸ்கட் நிறுவனமும் அவ்வழி பேசியது. அவர்கள் நம் சமுதாயத்தவர் அல்லர். நாம் என்ன செய்கிறோம்? யாருக்கு, எந்த நிகழ்ச்சிக்கு நடுவே நம் விளம்பரம் போகிறது என்று ஒருமுறையாவது விளம்பர ஏஜென்சியைக் கேட்டிருக்கிறீர்களா? இனிக் கேளுங்கள்.

இரண்டாவது. ரமலான் வந்தால் சஹர் நேரத்தில் சேனல்களில் மணிக்கணக்கில் இடம் வாங்குகிறோம். நல்ல காரியம்தான். ஆனால் வாடகைக்கு வாங்கிய நேரம் ஷவ்வால் பிறை தெரிந்ததும் முடிந்து போகிறது. நிருபரை உருவாக்கினால் அவன் முப்பது ஆண்டுகள் உழைப்பான். செய்திச் சேனல் தொடங்க நிறுவனத்துக்கு 20 கோடி ரூபாய் நிகர மதிப்பு வேண்டும் என்கிறது விதி. அது பெரிய மலை. அதற்கு முன் சிறு படிகள் உள்ளன. ஆண்டுக்குப் பத்துப் பிள்ளைகளை இதழியலும் காமிராவும் படிக்க வையுங்கள். 1951-இல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியைத் தந்தவர்கள் உங்களைப் போன்ற வணிகர்கள்தானே!

மூன்றாவது, சமுதாய வானொலி. 2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் இதைத் தொடங்கி வைத்தது. 2006 முதல் தொண்டு நிறுவனங்களுக்கும் வழி திறந்தது. நாட்டில் இன்று ஐந்நூறுக்கு மேல் நடக்கின்றன. பாம்பனில் மீனவர்களுக்காகக் கடலோசை என்ற நிலையம் 2016 முதல் பேசுகிறது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சுற்றளவுதான் எட்டும். ஆனால் அந்தச் சுற்றளவில் வாழும் எல்லா மதத்தவருடனும் அன்றாடம் பேசலாம். அரசியல் கட்சிகளுக்கும் அவற்றின் கிளைகளுக்கும் இந்த உரிமம் கிடையாது. எனவே நம்மைப் போன்ற அமைப்புகள் ஒதுங்கி நிற்க வேண்டும். கல்லூரிகளும் கல்வி அறக்கட்டளைகளும் முன்வர வேண்டும்.

இளைஞர்களே! உங்களுக்கு ஒரு வேலை. ஒரு நிகழ்ச்சி அவதூறு பரப்பினால் அதை ஆயிரம் பேருக்கு ஃபார்வர்டு செய்து அவனுக்கே பார்வையாளர்களைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். தேதி, நேரம், நிகழ்ச்சியின் பெயர், சொன்ன வாசகம் ஆகியவற்றைக் குறித்துக் கொள்ளுங்கள். ஒரு வாரம் கடக்க விடாமல் அந்தச் சேனலின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2021 ஜூன் மாத விதிகளின்படி 24 மணி நேரத்தில் அவர்கள் புகாரைப் பெற்றுக் கொண்டதாகப் பதில் தர வேண்டும். 15 நாட்களில் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையேல் சேனல்களின் சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு செய்யுங்கள்.

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்கிறீர்களா? நடந்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் செய்திச் சேனல்களின் சுயகட்டுப்பாட்டு அமைப்பு, நம் சமுதாயத்தைக் குறிவைத்த நிகழ்ச்சிகளுக்காக ஒரு சேனலுக்கு 1 லட்சமும் இன்னொரு சேனலுக்கு 50 ஆயிரமும் அபராதம் விதித்து, அந்த வீடியோக்களை நீக்கச் சொன்னது. புகார் கொடுத்தது பெரிய இயக்கமா? இல்லை. ஒரு தனி மனிதர். அவர் முஸ்லிமும் அல்லர்! பேரணிக்கு ஆயிரம் பேரைத் திரட்டத் தெரிந்த நமக்கு, ஒரு பக்கப் புகாரை ஒழுங்காக எழுதத் தெரிந்தவர் ஊருக்கு ஒருவராவது வேண்டாமா? அபராதம் சிறிய தொகைதான். கோடிகளில் புரளும் சேனலுக்கு 1 லட்சம் ஒரு பொருட்டா என்று உச்சநீதிமன்றமே 2023 ஆகஸ்டில் கேட்டது. ஆனாலும் பதிவான ஒவ்வொரு புகாரும் நாளை வரப் போகும் சட்டத்துக்குச் சாட்சி.

பழைய பூட்டை மீண்டும் போடு என்று நாம் கேட்கவில்லை. கதவு திறந்தே இருக்கட்டும். ஆனால் வாசலில் நேர்மையான ஒரு காவலாளி வேண்டும். அவன் ஆட்சியாளனுக்கும் பணக்காரனுக்கும் சலாம் போடாதவனாக இருக்க வேண்டும். வானலை பொதுச் சொத்து என்று நீதிமன்றம் சொல்லி முப்பது ஆண்டுகள் கடந்து விட்டன. பங்காளி என்ற முறையில் நம் பங்கைக் கேட்போம். கேட்பதோடு, அதை ஏற்று நடத்தும் தகுதியையும் வளர்த்துக் கொள்வோம். ஒவ்வொரு ஊர் ஜமாஅத்தும் இந்த மாதமே ஐந்து இளைஞர்களைத் தேர்ந்தெடுத்துப் புகார் எழுதும் குழு ஒன்றை அமைக்கட்டும். இன்ஷா அல்லாஹ், மற்றவை அதிலிருந்து வளரும்.